நீரிழிவும் விழித்திரையும்: ஒரு வரலாற்று நோக்கு

உயிரோடிருக்கும் ஒருவரின் விழித்திரையை நேரிற் காணும் வாய்ப்பு மருத்துவருக்கு 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கிட்டியது. கண்ணின் உட்பகுதியை நோக்குவதற்கான கருவியை ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851 இல் வெளியிட்டார். அக்கருவியின் துணையோடு, நீரிழிவு நோயாளரின் விழித்திரையில் ஏற்படும் மாற்றங்களை வியன்னா நகரின் எட்வேட் யேகர் சில ஆண்டுகளுள் விவரித்தார். ஆனால் அன்றைய கண் மருத்துவருள் தலையாயவராக மதிக்கப்பட்ட வொன் கிறேஃபே, அம்மாற்றங்களுக்கு நீரிழிவே காரணம் என்பதை ஏற்கவில்லை. பெரியோர் வாக்குக்கு அறிவியலிலும் நிறை அதிகம் போலும். முதுமையும் குருதி அழுத்தமுமே காரணம் என்ற கருத்து 20 ஆம் நூற்றாண்டிலும் நிலவியது.

உண்மையை வெளிக்கொணர்ந்தது இன்சுலினே எனலாம். 1921 இல் ரொறன்ரோவில் பன்ரிங், பெஸ்ற் ஆகியோர் அதனைப் பிரித்தெடுக்குமுன், இளவயதில் நீரிழிவு கண்டோர் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்தனர். அவர்தம் விழித்திரை கெடுவதற்குக் காலமே இருக்கவில்லை. இன்சுலின் அவர்களை வாழவைத்தது. 15, 20 ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுட் பலர் பார்வையிழக்கலாயினர். மிகையான சர்க்கரையால் நுண்ணிய குருதிக்கலன்கள் சிதைகின்றன. சில அடைபடுகின்றன, சில கசிகின்றன. ஒட்சிசன் குன்றிய விழித்திரையிற் புதிய கலன்கள் முளைக்கின்றன. அவை மெல்லியன, எளிதில் வெடித்துக் கண்ணுள் குருதியைச் சொரிகின்றன. இவையாவும் நோவின்றியே நிகழ்வதால், பார்வை மங்கும்வரை நோயாளர் எதனையும் உணராதிருத்தல் கூடும்.

மருத்துவம் இதற்குத் தேடிய முதல் வழிகளுள் ஒன்று கொடியது. மகப்பேற்றின் பின் கபச்சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணின் விழித்திரை நோய் தணிந்ததென டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்சன் 1953 இல் அறிவித்தார். அதனைத் தொடர்ந்து, பார்வையைக் காக்கவெனப் பல நோயாளரின் கபச்சுரப்பி அகற்றப்பட்டது அல்லது அழிக்கப்பட்டது. கண்ணுக்காக உடலின் தலைமைச் சுரப்பியையே இழப்பதற்கு அவர்கள் இசைந்தனர் எனின், குருட்டுத்தன்மை பற்றிய அச்சம் எத்துணைப் பெரிதாயிருந்திருத்தல் வேண்டும்!

மறுவழி சூரியனிடமிருந்து வந்தது. 1945 இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கியதால் விழித்திரையில் ஏற்பட்ட தீத்தழும்பை ஜேர்மானிய மருத்துவர் மேயர்-சுவிக்கராத் ஆராய்ந்தார். ஊறு விளைத்த ஒளியையே மருந்தாக்கலாம் என அவர் கருதினார். முதலிற் சூரிய ஒளியையும் பின்னர் செனன் விளக்கையும் பயன்படுத்தினார். 1960 களின் பிற்பகுதியில் ஆகன் லேசர் இப்பணிக்கு வந்தது. விழித்திரையின் ஓரப்பகுதிகளைச் சுட்டு நடுப்பார்வையைக் காப்பதே முறையாயிற்று. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் ஓரளவு குறைதலே அதற்கான விலையாகும்.

இவ்விலை தகுமா என்பதை அறிய, ஐக்கிய அமெரிக்காவில் 1971 இல் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. 1,700 க்கு மேற்பட்ட நோயாளர் அதிற் பங்குகொண்டனர். ஒவ்வொருவரிலும் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மறு கண், ஒப்புநோக்கும் பொருட்டு, வாளா விடப்பட்டது. கடும் பார்வையிழப்பு ஏற்படும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைவதை இடைக்கால முடிவுகள் காட்டின. எனவே 1976 இல் ஆய்வு விதி மாற்றப்பட்டு, ஆபத்து மிகுந்திருந்த மறு கண்களுக்கும் சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. அவற்றுட் சில அதற்குள் ஒளியிழந்திருந்தன.