றஞ்சித் சிங் ஆன கம்பளையார்: அல்பேர்ட் மோசஸின் நடிப்பு வாழ்க்கை

ஹந்தானை மலைத்தொடருக்குத் தெற்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்தது கம்பளை நகர். பதினான்காம் நூற்றாண்டில் அது சிங்கள அரசின் தலைநகராக விளங்கிற்று. நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்த கடலாதெனிய விகாரையை வகுத்தமைத்தவன் கணேசுவராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரி. அதே காலத்து இலங்காதிலக விகாரையின் பாறைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. பின்னாளில் புகைவண்டிப் பாதையும் தேயிலைத் தோட்டங்களும் வந்தபோது, பல மொழியாரும் பல தொழிலாரும் கலந்துறையும் மலைநாட்டு வணிக நகராக அது மாறிற்று. வரலாற்று மாணவர்க்கு இச்செய்திகள் புதியனவல்ல. ஆனால் இந்நகரிற் பிறந்த ஒருவர் பிரித்தானியத் திரையிலும் தொலைக்காட்சியிலும் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடித்து, உலகின் பல நாடுகளில் முகமறியப்பட்டவராய் வாழ்ந்தார் என்பதைப் பலர் அறியார். அவர் அல்பேர்ட் மோசஸ். 1937 டிசெம்பர் 19ஆம் நாள் பிறந்தவர். அவருடைய முகத்தை அறிந்தோர் பலரும் அவரைப் பஞ்சாபியர் என்றே எண்ணினர். அவ்வெண்ணம் எவ்வாறு பிறந்தது என்பதை ஆராய்வதே அவருடைய வாழ்க்கையை ஆராய்வதாகும்.

தமிழில் 'குணசித்திர நடிகர்' என்னும் தொடர் நன்கு வேரூன்றிவிட்டது. நாகையா, பாலையா, ரங்காராவ், சுப்பையா என்று பெயர்களை அடுக்கினால் அத்தொடரின் பொருள் விளங்கும். கதைத்தலைவனல்லன், ஆயினும் அவனின்றிக் கதை நில்லாது. ஆங்கிலேயரிடையேயும் இம்மரபு வளமானது. அலஸ்ரெயர் சிம், மார்கிறெற் றதர்போட் போன்றோர் பிரபு முதற் பள்ளித் தலைமையாசிரியர் வரை, துப்பறிபவர் முதற் பித்தர் வரை எவ்வேடத்தையும் ஏற்க இயன்றது. வெள்ளை நிறத்து நடிகனுக்கு வயதும் உடலும் குரலுமே எல்லை வகுத்தன. ஆசிய நடிகனுக்கு அவற்றின்மேல் இன்னோர் எல்லையும் இருந்தது. அவனுக்குரிய பாத்திரங்களை முதலில் அவன் தோலின் நிறமே தெரிவு செய்தது; அதன் பின்னரே திறமை கேட்கப்பட்டது.

மோசஸ் நேரே இலண்டனுக்குச் சென்றவரல்லர். 1960களில் இந்தியாவிலே ஹிந்தித் திரைப்படங்களில் நடித்தார். அங்கேயே தம் முதற் படத்தைத் தயாரித்து இயக்கினார். பின்னர் ஆபிரிக்கா சென்று விவரணப் படங்களில் உழைத்தார். 1970களின் தொடக்கத்திலேதான் பிரித்தானியாவை அடைந்தார். படைப்பாளியாக ஒரு படத்தையே பொறுப்பேற்றுச் செய்தவர், அங்கே சின்னஞ்சிறு தொலைக்காட்சி வேடங்களிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. அவர் சென்ற காலமும் கடியது. 1962, 1968, 1971ஆம் ஆண்டுகளிற் பிறந்த குடிவரவுச் சட்டங்கள் பொதுநலவாய நாட்டார்க்கு வாயிலைப் படிப்படியாக ஒடுக்கின. வுல்வர்ஹம்ப்டன் நகரிற் பேருந்துப் பணிபுரிந்த சீக்கியர், தலைப்பாகையும் தாடியுமாக வேலைசெய்யும் உரிமைக்கு 1967 முதல் 1969 வரை போராடியே வென்றனர். மோட்டார்ச் சைக்கிளோட்டும் சீக்கியர் தலைக்கவசத்துக்குப் பதிலாகத் தலைப்பாகை அணியலாம் என்ற சட்டம் 1976இலேதான் வந்தது.

திரையின் நிலைமையோ வேறொரு வகையிற் கொடியது. கீழைத்தேயப் பாத்திரம் இருந்தது. கீழைத்தேய நடிகன் அதற்குத் தேவைப்படவில்லை. 'த மில்லியனெயிறஸ்' (1960) படத்தில் இந்திய மருத்துவராகவும் 'த பார்ட்டி' (1968) படத்தில் இந்திய நடிகராகவும் மைபூசித் தோன்றியவர் பீற்றர் செல்லர்ஸ். இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட 'குவாய் நதிப் பாலம்' (1957) படத்தால் இந்நாட்டார்க்கு அறிமுகமான அலெக் கின்னஸ், 1962இல் அரேபிய இளவரசர் பைசாலாகவும், 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்திற் பிராமணப் பேராசிரியர் கொட்போலேயாகவும் நடித்தார். 1969இல் 'கறி அன்ட் சிப்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரிற் பாகிஸ்தானியராக வேடமிட்டவர் ஸ்பைக் மில்லிகன்; அத்தொடர் ஆறு பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. 1974இல் தொடங்கிய 'இற் எய்ன்ற் ஹாவ் ஹொற் மம்' தொடரில் ரங்கி ராம் என்னும் இந்தியப் பணியாளாக வந்தவர் மைக்கேல் பேற்ஸ். ஜான்சியிற் பிறந்து உருது பேசத் தெரிந்தவர் என்பது அவர் சார்பிற் கூறப்படும் நியாயம். அந்நியாயம் செல்லுமாயின், உருது பேசத் தெரிந்த உண்மையான இந்தியருக்கு அவ்வேடம் ஏன் கிட்டவில்லை என்ற வினாவும் செல்லும்.

இத்தகைய சூழலிலேதான் மோசஸின் பெயர் படங்களின் நடிகர் பட்டியல்களில் இடம்பெறலாயிற்று. ஜோன் ஹஸ்ரன் இயக்கிய 'த மான் ஹூ வுட் பி கிங்' (1975) கிப்ளிங்கின் கதையை ஒட்டியது, மொரோக்கோவிற் படமாக்கப்பட்டது. ஷோன் கொனரியும் மைக்கேல் கேனும் தலைமைப் பாத்திரங்கள். மோசஸ் அதிற் குலாம். 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' (1977) என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில் மதுச்சாலைப் பணியாள். 'கரி ஒன் இமானுவெல்' (1978) படத்தில் மருத்துவர். 'அன் அமெரிக்கன் வெயர்வுல்ப் இன் லண்டன்' (1981) படத்தில் மருத்துவமனைச் சிற்றூழியர். 'பிங்க் புளொய்ட்: த வோல்' (1982) படத்திற் கட்டடப் பணியாள். இவ்வேடங்களுட் பல, பட்டியலிலே தொழிலாற் குறிக்கப்பட்டனவேயன்றிப் பெயராற் குறிக்கப்பட்டனவல்ல. பெயரில்லாத பாத்திரத்துக்குப் பிறந்த ஊர் இல்லை, குடும்பம் இல்லை, கதைக்குள் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. அரைநிமிடத்தில் வந்து மறையும் அத்தகைய பாத்திரத்துக்கு உயிர் கொடுப்பது நடிகனின் நடையும் பார்வையுமே. திரைப்பட வரலாறு எழுதுவோர் இயக்குநரையும் தலைமை நடிகரையும் மட்டும் எழுதி முடிப்பதால், இவ்வுழைப்பு வரலாற்றுக்குப் புறம்பே நின்றுவிடுகிறது.

பெயரும் ஊரும் தொழிலும் உடைய வேடம் ஒன்று 1977இல் வாய்த்தது. வின்ஸ் பவல் எழுதிய 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் நகைச்சுவைத் தொடரை இலண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சி தயாரித்தது. முதற் பகுதி 1977 டிசெம்பர் 30ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டின் ஓகஸ்டிலேதான் இலண்டனின் லூயிஷாம் பகுதியில் இனவாதக் கட்சியான நஷனல் புரொன்ற்றின் ஊர்வலம் பெருங்கலவரமாக முடிந்திருந்தது. வெளிநாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றே தொடரின் களம். பரி எவன்ஸ் ஆசிரியர் பிரவுணாக நடித்தார். மாணவர்களுள் இத்தாலியர், கிரேக்கர், ஸ்பானியர், ஜப்பானியர், சீனர், ஜேர்மானியர், பிரெஞ்சுக்காரர் என்று உலகமே அமர்ந்திருந்தது. இலண்டன் சுரங்க இரயிலிற் பணிபுரியும் பஞ்சாபியச் சீக்கியர் றஞ்சித் சிங்காக மோசஸ் அமர்ந்தார். தவறிழைக்கும்போதெல்லாம் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்பது அப்பாத்திரத்தின் முத்திரை.

றஞ்சித்துக்கு வகுப்பிற் பகைவர், லாகூரைச் சேர்ந்த முஸ்லிமாகிய அலி நதீம். இருவரும் ஓயாது சண்டையிடுவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் குருதியை, இலண்டன் வகுப்பறை மேசைகளுக்கிடையே நகைச்சுவையாக்கிக் காட்டியது அத்தொடர். ஆனால் அலியாக நடித்த டினோ ஷபீக் பிறந்தது டாக்காவில். வங்கத்திற் பிறந்தவர் லாகூர்க்காரராகவும், கம்பளையிற் பிறந்தவர் அமிர்தசரசுப் பக்கத்தாராகவும் மாறி, தம் ஊர்களுக்குத் தொலைவான ஒரு பஞ்சாபியப் பகையை வாரந்தோறும் நடித்தனர். ஆங்கிலப் பார்வையாளருக்கு இவ்வேறுபாடு புலப்படவில்லை. புலப்படவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பழுப்பு நிறமும் தலைப்பாகையும் போதுமாயிருந்தன. கீழைநாட்டார் யாவரும் ஒருவர்க்கொருவர் மாற்றாகத் தக்கவர் என்ற பேரரசுக் காலத்து எண்ணம், பேரரசு மறைந்த பின்னும் நடிகர் தெரிவு அலுவலகங்களில் வாழ்ந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. மோசஸுக்குப் பெயர் தேடித்தந்த வேடங்களுள் ஒன்றேனும் இலங்கையர் வேடமன்று என்பதையும் இங்கே சேர்த்து நோக்கலாம்.

நடிப்புக் கலையின் நோக்கில், மொழி தெரியாதவனாக நடிப்பது எளிதன்று. ஆங்கிலத்தைச் செவ்வனே அறிந்த நடிகர், அதை அறியாதவராகத் தம்மை மறக்கவேண்டும். பிழையான சொல் வாயில் வரும் அதே கணத்திற் சரியான சொல்லும் கேட்போர் செவியில் ஒலிக்கவேண்டும். இரண்டுக்கும் இடையிலேதான் நகை பிறக்கிறது. ஒரு நொடி முந்தினால் பிழை விளங்காது, பிந்தினால் நகை செத்துவிடும். மோசஸின் றஞ்சித் இவ்விடத்தில் நிதானமானவர். பிழையைக் கூச்சமின்றி, முழு நம்பிக்கையோடு, ஓரளவு பெருமிதத்தோடும் சொல்வார். அப்பெருமிதமே அப்பாத்திரத்தை வெறுங்கோமாளியாகாமற் காத்தது.

எனினும் சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தம் நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை மேடையேற்றியபோதும் அவையோர் சிரித்தனர். அச்சிரிப்பு உள்ளிருந்து எழுந்தது. மேடையில் நிற்பவனின் மொழியும் அவையில் இருப்பவனின் மொழியும் ஒன்றே. உடையாரின் மிடுக்கைக் கண்டு நகைத்தவர்கள் தம் வீட்டு உடையாரையே கண்டனர். 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' எழுப்பிய சிரிப்பு அத்தகையதன்று. மொழியின் உரிமையாளர் ஒருபுறம், அதைக் கடன்கேட்டு வந்தவர் மறுபுறம். வகுப்பறை என்பது கற்பவன் தேறும் இடம். இவ்வகுப்பிலோ ஒருவரும் தேறலாகாது, தேறினால் தொடர் முடிந்துவிடும். இருபத்தொன்பது பகுதிகளின் பின்னும் றஞ்சித் தொடங்கிய இடத்திலேயே நின்றதற்குக் காரணம் இதுவே.

இக்குறையை அக்காலத்தவரும் உணராமலில்லை. பார்வையாளர் பெருகியிருந்தும், இனங்களைப் பற்றிய அச்சுவார்ப்புச் சித்திரங்கள் தகாதவை எனக் கருதிய நிறுவன அதிகாரி மைக்கேல் கிரேட் 1979இல் தொடரை நிறுத்தினார். அம்முடிவு நேரியதே. ஆயின் அதனால் வேலை இழந்தவர்களுட் பெரும்பாலோர் அந்நியரை நடித்த அந்நியர்களே என்பதும் மறைக்கத்தக்கதன்று. மைபூசிய வெள்ளையர் இருந்த இடத்தில் ஆசியரே ஆசியராக வந்தமர்ந்தது ஒரு முன்னேற்றம். அவர்கள் பேசவேண்டியிருந்த வசனம் பழையதே. அல்பேர்ட் மோசஸின் தலைமுறை இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட தலைமுறை. வசனத்தை எழுதியவர்மீது சுமத்தவேண்டிய பழியை அதைப் பேசியவர்மீது சுமத்துவது, தோட்டத்துரையின் கணக்கைக் கங்காணியிடம் மட்டும் கேட்பது போலாகும். கங்காணிக்கும் அதிற் பங்குண்டு என்பது வேறு.

வேடிக்கை என்னவெனில், எவரைக் கேலிசெய்ததாகத் தொடர் கண்டிக்கப்பட்டதோ அவர்களுடைய நாடுகளே அதைப் பெரிதும் விரும்பி வாங்கின. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கென்யா, நைஜீரியா என அது பரவிற்று. 1993இல் இந்தியத் தொலைக்காட்சியில் 'ஸபான் ஸம்பால்கே' என்னும் பெயரில் ஹிந்தி வடிவமே தோன்றி, ஹிந்தி கற்கும் மாணவரை நகைப்புக்குரியவராக்கிற்று. ஆங்கிலேயரிடம் அடிபட்ட மொழிக் கூச்சத்தை அனுபவித்த மக்கள், திரையில் அதே கூச்சத்தைப் பிறர் படக் கண்டு ஆறுதலுற்றனர்போலும். எவ்வாறாயினும், றஞ்சித் சிங்கின் தலைப்பாகைக்குள் இருந்தவர் மகாவலிக் கரையார் என்பதை அறியாமலே இலங்கையர் பலரும் சிரித்தனர்.

தொடர் நின்றபின்னும் மோசஸ் ஓயவில்லை. உதயப்பூரிற் பெரும்பகுதி படமான 'ஒக்டோபுஸி' (1983) என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில், பிரித்தானிய உளவுத்துறையின் இந்திய முகவர் சத்ருதீனாக நடித்தார்; அவருக்குத் துணையாக வந்தவர் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். கம்பளையாரும் சென்னையாரும் ரோஜர் மூருக்கு வட இந்தியாவை அறிமுகப்படுத்தும் காட்சி, மேலே சொன்ன வழக்கத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. 1984இல் 'த ஜுவல் இன் த கிரவுன்' தொடரிலும் இடம்பெற்றார். 1986இல் 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' பதின்மூன்று பகுதிகளோடு மீண்டும் உயிர்பெற்றபோது றஞ்சித் திரும்பி வந்தார். அலி வரவில்லை, டினோ ஷபீக் 1984இலேயே மறைந்துவிட்டார். பரி எவன்ஸும் பின்னர் வாய்ப்பிழந்து, வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்து, 1997இற் காலமானார். அவ்வகுப்பறையில் வாழ்வு நிலையற்றதாயிருந்தது அந்நியர்க்கு மட்டுமன்று.

1999இல் வெளியான 'ஈஸ்ற் இஸ் ஈஸ்ற்' படத்தில் மோசஸ் அப்துல் கரீம் என்னும் சிறு வேடம் ஏற்றார். அதன் கதையை எழுதிய அயூப் கான்-டின், பாகிஸ்தானியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் இங்கிலாந்திற் பிறந்தவர். தலைமைப் பாத்திரம் ஓம் பூரியுடையது. குடியேறியவனைப் பற்றி அவன் பிள்ளையே எழுதிய அப்படத்தில், கோபமும் அன்பும் பிடிவாதமும் நிறைந்த முழு மனிதனாக ஓர் ஆசியத் தந்தை நின்றார். அவரைக் கண்டு எழுந்த சிரிப்பு வீட்டுக்குள்ளிருந்து எழுந்தது. மோசஸுக்கு அப்போது அறுபத்தொரு வயது. அத்தகைய வசனங்களைப் பேச அவருக்கு இளமையில் வாய்க்கவில்லை. முதுமையிற் சில நிமிடங்களே வாய்த்தன.

நடிப்புக்கு அப்பால் செயின்ற் ஜோன் அமைப்பின் பொதுப்பணிகளில் நீண்டகாலம் ஈடுபட்டு, அவ்வமைப்பின் வீரத்தகையாளர் தகுதியையும் பெற்றார். 2017 செப்ரெம்பர் 15ஆம் நாள் தம் எழுபத்தொன்பதாம் வயதில் இலண்டனிற் காலமானார்.