கம்பம் பள்ளத்தாக்கும் அழகுக் கலைகளும்

உடலை ஓம்புதற்கு உணவும் உடையும் உறையுளும் தேடிய மக்கள், உள்ளத்தை ஓம்புதற்குக் கண்டவையே கலைகளாம். நம் முன்னோர் கலைகளை அறுபத்துநான்கென வகுத்தனர். அவற்றுள் கட்டிடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என்பன அழகை முதன்மையாகக் கொண்டமையின் அழகுக் கலைகள் எனப்படும். முன்னைய மூன்றும் கண்வழிப் புகுவன; இசை செவிவழிப் புகுவது; கூத்து இவ்விரண்டின் வழியும் புகுவது; காவியமோ கருத்தின் வழிப் புகுவது.

இவை பட்டினங்களிலும் அரசவைகளிலுமே விளைந்தனவென்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதற்கு முல்லையாறு பாயும் நம் பள்ளத்தாக்கும் அதனை அடுத்த வைகைக் கரையுமே சான்றாகும்.

ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட வீரனைக் குறிப்பது. சின்னஞ்சிறு ஊரினர்க்கும் தம் வீரனைக் கல்லில் நிறுத்தும் ஆர்வம் அக்காலத்தேயே இருந்தது. உத்தமபாளையத்துப் பாறையிலே சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, வட்டெழுத்துச் சாசனங்களோடு விளங்குகின்றன. சின்னமனூரில் அகப்பட்ட இராசசிம்ம பாண்டியனின் பெரிய செப்பேடு, பாண்டியர் மதுரையிற் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பெருமையாகக் கூறுகின்றது. போர் வெற்றிகளோடு கலைத்தொண்டையும் ஒருங்கே எழுதுவித்த அம்மரபு போற்றற்பாலது. போடிநாயக்கனூர் அரண்மனைச் சுவர்களோ இராமாயணக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டி வைத்துள்ளன.

இசையின் பெருமைக்குப் பண்ணைப்புரம் ஒன்றே போதும். 1943-ஆம் ஆண்டில் ஆண்டுப் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனுடன் ஊர்தோறும் பாடித் திரிந்து, 1976-இல் அன்னக்கிளி வாயிலாகத் திரையுலகிற் புகுந்தார். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். நாற்று நடுவார் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த செவியே அவருக்கு முதற் பள்ளி.

இனி, நம் குலத்துக்கே உரிய தேவராட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். பாட்டின் துணையின்றி, தேவதுந்துபியின் அடிக்கேற்ப ஆடவர் கைக்குட்டை ஏந்தி அணிவகுத்து ஆடுவது இது. இராஜகம்பளத்தாரின் மணவீட்டிலும் கோயில் விழாவிலும் இஃது இன்றியமையாத சடங்காக நிலவிவந்தது. இந்நாளில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இதனைப் பயில்கின்றனர். நமது உடைமை பிறர்க்குப் போயிற்றேயென வருந்துவார் நம்முள் சிலர் உளர். பிறர் பயில்வதனால் ஒரு கலை குறைவதில்லை. உடையவர் மறப்பதனாலேயே அஃது அழிகின்றது. மேடையில் ஆடுவோர் அடவுகளைக் கற்பர். எந்தச் சடங்கில் எந்த அடவு, யார் முன்னின்று தொடங்குவது என்பன நம் முதியோர் நெஞ்சிலேயே உள்ளன. அவர்கள் மறைந்தால் அவையும் உடன் மறையும். கல்லும் செப்பேடும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். ஆட்டமோ ஒரு தலைமுறையின் சோம்பலையும் பொறாது.

ஆதலின், அன்பர்களே, ஊர்தோறும் முதியோரை அடுத்து இளைஞர் அடவு பயிலவும், அவற்றின் பெயரையும் முறையையும் எழுதி வைக்கவும் நம் சங்கத்தார் ஏற்பாடு செய்வாராக. கேட்டுவரும் எவர்க்கும் அதனை மனமுவந்து கற்பிப்போமாக.