துளசி வேலியும் பம்பாய்க் கொசுவும்

அந்நாளைய பம்பாயில், பைகுல்லாப் பகுதியில், விக்டோரியா தோட்டம் என்று ஒரு பூங்கா. 1862-ல் திறந்தார்கள். இன்று அதற்கு ஜிஜாபாய் அம்மையாரின் பெயர். அந்தத் தோட்டத்தைப் பற்றி ஸர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற துரைமகனார் 1903-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். துரையென்றாலும் பெல்காமில் பிறந்தவர். பம்பாயில் வைத்தியம் பார்த்தவர்.

கடிதத்தின் சாரம் இதுதான். தோட்டம் போடும்போது வேலையாட்களைக் கொசு பிடுங்கித் தின்றது. ஹிந்து மேற்பார்வையாளர்கள் சொன்ன யோசனைப்படி எல்லை நெடுகத் துளசி நட்டார்கள். உடனே கொசுத் தொல்லை தணிந்தது. தோட்டக்காரர்களுக்குக் காய்ச்சலும் நின்றது.

கடிதம் வந்த வேளையும் நல்ல வேளை. 1897-ல் ஸிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சமயத்தில், கொசுவுக்குத் துளசியே மருந்து என்று ஒரு வெள்ளைக்காரரே சொன்னால் நமக்கு உச்சி குளிராதா? இன்று வரை அதை எடுத்துக் காட்டி வருகிறோம்.

எனக்கும் குளிரத்தான் செய்தது. ஆனால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். துளசியின் மணமெல்லாம் இலையிலுள்ள மிகச் சிறிய சுரப்பிகளில் அடைபட்ட எண்ணெயில் இருக்கிறது. கசக்கினால் அவை உடைந்து கமகமக்கும். சும்மா நிற்கும் செடி விடும் மணம் சொற்பம். நீராவி பாய்ச்சி அந்தத் தைலத்தை வடித்தால், 100 கிலோ பச்சிலைக்கு ஒரு கிலோ கூடத் தேறாது. பல துளசி வகைகளில் அதில் மிகுந்திருப்பது யூஜினால். பல்வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலத்தின் காரமும் அதுவே.

அந்தத் தைலம் கொசுப்புழுவைக் கொல்வதைப் பரிசோதனைச் சாலைகளில் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் பூசினால் கொசு விலகும். ஆனால் ஆவியாகிப் போகும் சரக்காதலால் அந்தக் காவல் நெடுநேரம் நிற்காது. கலப்பில்லாமல் பூசினால் தோல் எரியும். குழந்தைகளிடம் கொண்டுபோகவே கூடாது.

அப்படியானால் பம்பாய்த் தோட்டத்தில் கொசு குறைந்தது எப்படி? தோட்டம் போடுவதென்றால் பள்ளம் தோண்டுவார்கள். பள்ளத்தில் நீர் தேங்கும். நீரில் கொசு முட்டையிடும். வேலை முடிந்து பள்ளத்தை மூடினால் கொசுவும் குறையும். துளசி நட்டதும் பள்ளம் தூர்ந்ததும் ஒரே சமயத்தில் நடந்திருந்தால், புகழ் முழுவதும் துளசிக்குத்தானே போகும்? இது என் ஊகந்தான். துளசி வைத்த தோட்டத்தையும் வைக்காத தோட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு தோட்டத்து அனுபவம் சாட்சியாகலாம், நிரூபணமாகாது.

இதனால் துளசிக்கு ஒரு குறைவும் இல்லை. வேலியை நம்பிக் குட்டையை மறந்தவனுக்குத்தான் காய்ச்சல் வரும். மாடத்தில் விளக்கை ஏற்றுங்கள். கையோடு கொல்லையில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.