பல் இம்பிளாண்ட், கிரவுன்: வலி போயிடுச்சுன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தமா?

இம்பிளாண்ட் வைக்கப் போகிறவர்கள் பல் டாக்டரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை நாள் வலிக்கும்?" என்றுதான். பலருக்கு 3 நாள், சிலருக்கு ஒரு வாரம். ஆனால் "எத்தனை நாளில் ஆறும்?" என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் 3 முதல் 6 மாதம். வலி போன பிறகு வரும் இந்த மாதங்களில்தான் பலர் கவனத்தை விட்டுவிடுகிறார்கள்.

பேராக்கில் இது பல குடும்பங்களைத் தொடும் விஷயம். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தெலுக் இந்தான் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த நம் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் பல் வலி என்றால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: பிடுங்கிவிடுவது. இன்று அவர்களின் பிள்ளைகள் ஈப்போவில் வேலை பார்க்கிறார்கள். "அம்மாவுக்கு நல்ல பல் வச்சுக் கொடுக்கலாம்" என்று காசு சேர்க்கிறார்கள். நீங்கள் அப்படி ஒருவராக இருந்தால், சிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

கிரவுன் வேறு, இம்பிளாண்ட் வேறு

கிரவுன் என்பது இருக்கும் பல்லின் மேல் போடும் தொப்பி. இம்பிளாண்ட் என்பது பல் இல்லாத இடத்தில், தாடை எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியம் திருகு. அது எலும்போடு சேர்ந்த பிறகு அதன் மேலேயும் ஒரு கிரவுன் வரும்.

கிரவுன் மட்டும் போட்டால்?

பல்லைச் செதுக்கி அளவு எடுத்த பிறகு, நிரந்தர கிரவுன் தயாராக வழக்கமாக 1 முதல் 3 வாரம் ஆகும். அதுவரை தற்காலிக கிரவுன். அது லேசான பசையில்தான் நிற்கிறது. டோடோல், அல்வா, மிட்டாய் போன்ற ஒட்டும் பொருள் அதைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிடும். கழன்று விழுந்தால் தூக்கிப் போடாதீர்கள், பல்கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டவும் வேண்டாம். கிரவுனோடு கிளினிக்குக்குப் போங்கள்.

நிரந்தர கிரவுன் வந்த பிறகு சில நாளைக்கு, சிலருக்கு ஓரிரு வாரத்துக்கு, சூடும் குளிரும் பட்டால் கூசும். இது சாதாரணம். ஆனால் கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் கிரவுன் கொஞ்சம் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். "பழகிடும்" என்று விடாதீர்கள். டாக்டர் சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம், விட்டால் பல்லுக்கும் தாடைக்கும் வலியாக மாறும்.

இம்பிளாண்ட்: முதல் 24 மணி நேரம்

வெட்டிய இடத்தில் உறையும் ரத்தம்தான் முதல் கட்டு. அது கலையக் கூடாது. அதனால்:

• வாய் கொப்பளிக்க வேண்டாம். துப்பிக்கொண்டே இருக்க வேண்டாம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம்.
• கொடுத்த பஞ்சை அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள். எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்து வருவது இயல்பு.
• கன்னத்தின் வெளிப்பக்கம் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வையுங்கள்.
• மரத்த உணர்வு போகும்வரை சூடாக எதுவும் வேண்டாம். உதடு மரத்திருக்கும்போது கடித்துக்கொள்வதும் தெரியாது, சுடுவதும் தெரியாது.
• இரவில் தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள்.

வலிக்கு டாக்டர் சொன்ன மருந்தை மட்டும் எடுங்கள். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்றால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. சிறுநீரகப் பிரச்சினை, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து இருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதே நேரம், அந்த மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் முதல் ஒரு வாரம்

வீக்கம் முதல் நாளைவிட 2, 3-ஆம் நாளில்தான் அதிகமாகத் தெரியும். கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிட வேணாம். கன்னத்தில் நீலமோ மஞ்சளோ படரலாம். 4-ஆம் நாளிலிருந்து குறைய ஆரம்பிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகக் கொப்பளிக்கலாம். தையல் தானாகக் கரையாத வகை என்றால் 7 முதல் 10 நாளில் எடுப்பார்கள்.

சாப்பாடு? கஞ்சி, ஆறிய ரசம் சாதம், மசித்த பருப்பு, தயிர் சாதம், இட்லி, முட்டை, வாழைப்பழம். அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். ஈப்போவில் இருந்துகொண்டு புந்தோங் கச்சாங் பூத்தேயைத் தவிர்ப்பது கஷ்டம்தான். ஆனால் முறுக்கு, கடலை, பட்டாணி எல்லாம் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். கடினம் ஒரு காரணம், தூள் காயத்துக்குள் போய் உட்காருவது இன்னொரு காரணம். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அறுவை வைத்துக்கொள்ளாதீர்கள். பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் உட்கார வேண்டியிருக்கும்.

சத்தமில்லாத மாதங்கள்

சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயல்களை வைத்து ஆய்வு செய்தபோது, எலும்புக்குள் வைத்த டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. 1965-இல் முதல் நோயாளிக்கு அவர் டைட்டானியம் இம்பிளாண்ட் பொருத்தினார். இன்றைய இம்பிளாண்ட் நிற்பதும் அந்தப் பிடிப்பில்தான்.

அந்தப் பிடிப்பு ஒரே நாளில் வருவதில்லை. முதல் நாளில் திருகை நிறுத்துவது இறுக்கம் மட்டுமே. பிறகு சுற்றியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரைகிறது, புதிய எலும்பு மெல்ல வளர்கிறது. இந்த மாற்றம் நடக்கும் 3, 4-ஆம் வாரத்தில் பிடிப்பு முதல் நாளைவிடக் குறைவாக இருக்கும். கவனியுங்கள்: வலி போய், வீக்கம் வடிந்து, "சரியாயிடுச்சு" என்று தோன்றும் அதே வாரங்கள்தான் இவை.

அதனால்தான் தேதி கொடுத்த பரிசோதனைக்குப் போவது முக்கியம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வண்டி ஓட்டாத பெற்றோருக்கு ஒவ்வொரு அப்பாயிண்ட்மெண்டும் யாரோ ஒருவரின் அரைநாள் லீவு. "வலிதான் இல்லையே, எதுக்குப் போகணும்?" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்றுதான். சிகிச்சை தொடங்கும் முன்பே எல்லாத் தேதிகளையும் வாங்கி, யார் கூட்டிப்போவது என்று வீட்டில் பேசிவிடுங்கள்.

சர்க்கரை, வெற்றிலை, சிகரெட்

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சர்க்கரை இருந்தாலே இம்பிளாண்ட் கூடாது என்று இல்லை. கட்டுப்பாட்டில் இருந்தால் பலருக்கு நன்றாகவே நிற்கிறது. கட்டுப்பாட்டில் இல்லையென்றால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமி எளிதில் பிடிக்கும். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுபோங்கள்.

புகைப்பவர்களுக்கு இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேப் புகையிலும் நிக்கோடின் உண்டு. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பாட்டியிடம் "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர முடியாது. ஆனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்கும் காரணம். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், பல் வைப்பதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

எலும்பு மெலிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும்.

ஒரு கேள்வி, கூச்சப்படாமல்

பல் போய்ப் பல வருஷம் ஆனவர்களுக்குத் தாடை எலும்பு தேய்ந்திருக்கும். அப்போது எலும்புத் தூள் வைத்து நிரப்புவார்கள். அது மாட்டு எலும்பிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மேலே மூடும் மெல்லிய சவ்வு பன்றியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். செயற்கை வகைகளும் உண்டு. உங்கள் வீட்டில் இது முக்கியம் என்றால், அறுவைக்கு முன்பே கேளுங்கள். பிறகு தெரிந்து மனம் வருந்துவதைவிட அது நல்லது.

எப்போது உடனே போகணும்?

• அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்
• 3 நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போகும் வீக்கம் அல்லது வலி, காய்ச்சல், சீழ்
• மறுநாளும் போகாத உதடு, தாடை மரத்துப்போதல்
• இம்பிளாண்ட் ஆடுவது, வலி இல்லையென்றாலும்

இவற்றுக்கு உங்கள் பல் டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், வாய் திறக்க முடியாமை, கழுத்து வரை வீக்கம் என்றால் காத்திருக்க வேண்டாம். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 999.

கடைசியாக, யாரிடம் செய்வது?

2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 2018 பல் மருத்துவச் சட்டப்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர்தான் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம். பெயரை மன்றத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் ஒட்டித் தருகிறோம் என்று சமூக ஊடகத்தில் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.

சரியாகப் பராமரித்தால் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் 10 இம்பிளாண்ட்களில் 9-க்கு மேல் நிலைத்திருக்கின்றன. அதற்குத் தேவை தினமும் பல் துலக்குவதும், இடுக்குகளைச் சுத்தம் செய்வதும், தேதி தவறாமல் போவதும்தான். அம்மா "இப்ப நல்லாத்தான் இருக்கு, வேணாம்" என்று சொல்லும் அந்த மூன்றாவது வாரத்தில், நீங்கள் கூடப் போங்கள்.