கிடங்கு விளக்குகளின் வரலாறு: எண்ணெய் விளக்கு முதல் எல்.இ.டி. வரை

கிடங்கு பொருள்கள் தங்குமிடம். மனிதர்கள் அங்கே வந்து போகிறவர்கள் மட்டுமே. அதனால் கிடங்கின் விளக்கைப் பற்றி நெடுங்காலம் யாரும் அதிகம் சிந்திக்கவில்லை. சிந்தித்தவர்களும் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேட்கவில்லை. தீப்பிடிக்குமா என்றே கேட்டார்கள். இன்று விளக்கு வாங்குகிறவர்கள் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு: இந்த விளக்கை வேண்டாதபோது அணைக்க முடியுமா? கிடங்குகளில் வீணான மின்சாரத்தில் பெரும்பங்கு இந்தக் கேள்வியைக் கேட்காததால் வீணானதுதான்.

இந்தியா முதல் ஹாங்காங் வரை ஆங்கிலத்தில் வழங்கிய 'கோடவுன்' என்ற சொல் மலாய் மொழியின் 'குடாங்' வழியாக வந்தது. அதன் வேர் தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிடங்கி' ஆகிய சொற்களில் இருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் பலரின் கருத்து. பொருள் 'கிடக்கும்' இடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது கடினம்.

சுடரின் காலம்

பஞ்சு, சணல், சாராயம், எண்ணெய், தானியம் ஆகியவையே பழைய கிடங்குகளின் சரக்கு. இவற்றின் நடுவே சுடருள்ள விளக்கை ஏந்திச் செல்வது ஆபத்து. எனவே கிடங்கு வேலை பெரும்பாலும் பகல் வேலையாக இருந்தது. சுவரின் உயரத்தில் சன்னல்களும் கூரையில் கண்ணாடித் திறப்புகளும் வைத்துக் கட்டினார்கள்.

வெளிச்சம் கட்டாயமாகத் தேவைப்பட்ட இடங்களில் விளக்கையும் சரக்கையும் பிரித்து வைத்தார்கள். பாய்மரப் போர்க்கப்பல்களின் வெடிமருந்து அறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த அறைக்குள் விளக்கு போகாது. பக்கத்தில் தனியாக ஒரு விளக்கறை கட்டி, இடையில் கண்ணாடிச் சன்னல் வைத்து, அதன் வழியே வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். 1805-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிலிப்ஸ் அண்ட் லீ பஞ்சாலைக்கு வில்லியம் முர்டாக் எரிவாயு விளக்குகள் அமைத்தார். வேலை நேரம் இரவுக்குள் நீண்டது. ஆனால் எரிவாயு விளக்கும் திறந்த சுடர்தான்.

1879-இல் எடிசனின் மின்விளக்கு வந்தபோது சுடர் கண்ணாடிக்குள் அடைபட்டது. பஞ்சாலைகளும் கிடங்குகளும் அதை வரவேற்றதற்கு அதுவே காரணம். எதிர்பாராத விதமாகத் தீயின் மூலம் விளக்கிலிருந்து கம்பிக்கு இடம் மாறியது. சரியான காப்பில்லாத கம்பிகளால் ஏற்பட்ட தீ விபத்துகள் காப்பீட்டு நிறுவனங்களைக் கவலைக்குள்ளாக்கின. 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியின் மின்னமைப்புகளைச் சோதிக்க அனுப்பப்பட்ட வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளைஞர், அடுத்த ஆண்டே ஒரு சோதனைக்கூடத்தைத் தொடங்கினார். மின்சாதனங்களின் மீது இன்றும் காணப்படும் 'யூ.எல்.' முத்திரை அங்கிருந்து வந்தது. மின்விளக்கின் பாதுகாப்புத் தரங்களுக்கு அறிவியலாளர்களை விடக் காப்பீட்டுக்காரர்களே முதல் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

உயர்ந்த கூரையும் ஆவி விளக்குகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிடங்கின் வடிவமே மாறியது. போரில் பரவலான ஃபோர்க்லிஃப்ட் வண்டியும் மரப் பலகைத் தட்டும் சரக்கை மேல்நோக்கி அடுக்க வழி செய்தன. 1962-இல் ஜெர்மனியின் கியூட்டர்ஸ்லோ நகரில் பெர்டல்ஸ்மான் பதிப்பகத்திற்காக உயர் அடுக்குக் கிடங்கு கட்டப்பட்டது. இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுவது இதுதான். கூரை உயர்ந்ததும் விளக்கும் உயர்ந்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வெளிச்சம் தரச் சாதாரணக் குண்டு பல்பால் முடியாது. அது வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். ஒரு வாட்டுக்கு 10 முதல் 17 லூமன் ஒளியே கிடைக்கும்.

அந்த இடத்தை ஆவி விளக்குகள் பிடித்தன. பீட்டர் கூப்பர் ஹெவிட் 1901-இல் காப்புரிமை பெற்ற பாதரச ஆவி விளக்கு அவற்றுள் மூத்தது. அதன் வழிவந்த உயர் அழுத்தப் பாதரச விளக்குகள் 1930களில் பரவின. அவற்றின் நீலப்பச்சை ஒளியில் மனித முகம் நோயாளியின் முகம் போலத் தெரியும். 1960களில் வந்த உயர் அழுத்தச் சோடியம் விளக்கு சிக்கனத்தில் சிறந்தது. ஒரு வாட்டுக்கு 100 லூமனுக்கு மேலும் தந்தது. ஆனால் அதன் நிறங்காட்டும் திறன் 100-க்கு 20 அல்லது 25 அளவே. அதன் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புச் சீட்டும் பழுப்புச் சீட்டும் ஒன்றுபோலத் தோன்றும். சீட்டின் நிறம் பார்த்துச் சரக்கைப் பிரிக்க வேண்டிய தொழிலாளிக்கு மின்கட்டணச் சிக்கனம் என்ன ஆறுதல் தரும்?

இந்தக் குறையை உலோக ஹேலைடு விளக்கு தீர்த்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கில்பர்ட் ரெய்லிங் 1960களின் தொடக்கத்தில் பாதரச ஆவியுடன் உலோக அயோடைடுகளைச் சேர்த்து வெண்ணிற ஒளி பெற்றார். அடுத்த நாற்பது ஆண்டுகள் உயர்ந்த கூரைகளின் கீழ் 400 வாட் உலோக ஹேலைடு விளக்கின் ஆட்சி நடந்தது.

அணைக்க முடியாத விளக்கு

உலோக ஹேலைடு விளக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுவிட்சைப் போட்டால் முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு நொடி மின்சாரம் தடைப்பட்டாலும் அணைந்துவிடும். உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்த பிறகே மீண்டும் எரியும். அதற்கு 10 முதல் 20 நிமிடங்கள் வரை பிடிக்கும். மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களில் மின்சாரம் திரும்பிய பிறகும் கிடங்கு இருட்டாகவே இருந்ததற்கு இதுவே காரணம்.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. காலையில் போட்ட விளக்கை இரவு வரை யாரும் தொடவில்லை. பல இடங்களில் இரவிலும் தொடவில்லை. ஒரு பெரிய கிடங்கில் எந்த நேரத்திலும் சில சந்துகளில் மட்டுமே ஆள் நடமாட்டம் இருக்கும். மற்றச் சந்துகளில் அட்டைப் பெட்டிகளுக்கே வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

ஓய்வில்லாமல் எரிந்ததால் பழைய தீப் பயமும் திரும்பியது. உலோக ஹேலைடு விளக்கின் உள்ளே உள்ள குவார்ட்ஸ் குழாய் பல நூறு டிகிரி வெப்பத்தில், உயர் அழுத்தத்தில் இயங்குவது. ஆயுள் முடியும் தறுவாயில் அது சில வேளைகளில் வெடித்துவிடும். தகிக்கும் குவார்ட்ஸ் துண்டுகள் கீழே அட்டைப் பெட்டிகளின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு பகலாக எரியும் விளக்குகளை வாரம் ஒருமுறையாவது 15 நிமிடம் அணைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளர்களே அறிவுறுத்தினார்கள். ஆயுள் முடிந்த விளக்கு அந்த ஓய்வுக்குப் பின் மீண்டும் எரியாமல், வெடிக்காமலேயே ஓய்ந்துவிடும் என்பது அதன் நோக்கம். இந்த அறிவுரை பின்பற்றப்பட்ட இடங்களை விடப் பின்பற்றப்படாத இடங்களே அதிகம் இருந்திருக்க வேண்டும்.

1995 வாக்கில் ஐரோப்பாவில் அறிமுகமான மெல்லிய 'டி5' குழல் விளக்குகள் இடைக்காலத் தீர்வாக அமைந்தன. போட்டவுடன் எரிந்ததுதான் அவற்றின் பெரிய வலிமை. குளிர்பதனக் கிடங்குகளில் மட்டும் அவை தடுமாறின. குளிரில் பாதரச ஆவியின் அழுத்தம் குறைவதால் குழல் விளக்கு மங்கிவிடும்.

எல்.இ.டி. வந்த வழி

எல்.இ.டி.யின் கதை கிடங்குக்கு வெகு தொலைவில் தொடங்கியது. 1907-இல் ஹென்றி ரவுண்ட், சிலிக்கன் கார்பைடு படிகத்தில் மின்சாரம் பாயும்போது மெல்லிய ஒளி தோன்றுவதைக் கண்டார். 1927-இல் ரஷ்யாவின் ஒலெக் லோசெவ் அதே விளைவை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1942-இல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் அவர் பட்டினியால் இறந்தார். அவர் ஆய்வைப் பல பத்தாண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. கியூட்டர்ஸ்லோவில் உயர் அடுக்குக் கிடங்கு எழுந்த அதே 1962-இல், அமெரிக்காவின் நிக் ஹாலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்தார். இரண்டும் சந்திக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

வெண்ணிற ஒளி வேண்டுமானால் நீலம் வேண்டும், நீலம்தான் கைகூடவில்லை. இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோர் நகோயாவிலும், சுஜி நகமுரா டோகுஷிமா மாநிலத்தின் நிச்சியா நிறுவனத்திலும் காலியம் நைட்ரைடு படிகத்தோடு போராடினார்கள். 1993-இல் நிச்சியா பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்தது. அதன் மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசிய வெண்ணிற எல்.இ.டி. 1996-இல் சந்தைக்கு வந்தது. மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. குண்டு பல்புக்கு இணையான திறனில் தொடங்கிய வெண்ணிற எல்.இ.டி. வேகமாக முன்னேறியது, இன்று உயர்கூரைக்கான நல்ல எல்.இ.டி. விளக்குகள் ஒரு வாட்டுக்கு 150 லூமனைத் தாண்டுகின்றன.

தொடக்கத்தில் அது தன் திறமையை முழுமையாகக் காட்டிய இடங்களுள் ஒன்று குளிர்பதனக் கிடங்கு. குழல் விளக்கு மங்கும் குளிரில் எல்.இ.டி. இன்னும் நன்றாக எரியும். மேலும் குளிர் அறைக்குள் விளக்கு வெளியிடும் ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் குளிர்பதன இயந்திரம் வெளியேற்ற வேண்டியிருப்பதால், விளக்கில் மிச்சமான மின்சாரம் அந்த இயந்திரத்திலும் மிச்சமானது.

தேர்வின் கணக்கு

400 வாட் உலோக ஹேலைடு விளக்கின் அட்டையில் 36,000 லூமன் என்று இருக்கும். 150 வாட் எல்.இ.டி. தருவது சுமார் 22,500 லூமன். அட்டையை மட்டும் பார்க்கிறவர் பழைய விளக்கே மேல் என்று முடிவு செய்வார். ஆனால் ஹேலைடு விளக்கின் ஒளி பயன்பாட்டுக் காலத்தில் சராசரியாகச் சுமார் 24,000 லூமனுக்கு இறங்கிவிடும். அது எல்லாத் திசைகளிலும் ஒளி வீசுவதால், பிரதிபலிப்புக் கூட்டில் கால்பங்கு வரை இழந்து 18,000 அளவே கீழே வரும். எல்.இ.டி.யின் எண்ணோ பொதுவாக முழு விளக்கிலிருந்து வெளியே வரும் ஒளியைக் குறிப்பது. ஹேலைடு விளக்கின் சோக்கும் மின்சாரம் எடுத்துக்கொள்வதால், அதன் உண்மையான செலவு சுமார் 455 வாட்.

இத்தகைய 100 விளக்குகள் நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எரிவதாகக் கொண்டால் செலவு 2,18,400 யூனிட். எல்.இ.டி.க்கு மாறினால் 72,000 யூனிட். மிச்சம் 1,46,400. இப்போது வேறொரு கணக்கு: ஒவ்வொரு சந்திலும் கால்பங்கு நேரமே ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஹேலைடு விளக்கையே வேண்டாதபோது அணைக்க முடிந்திருந்தால் 1,63,800 யூனிட் மிச்சமாகியிருக்கும். அதாவது அணைக்க முடியாமையால் ஏற்பட்ட இழப்பு, விளக்கின் திறன் குறைவால் ஏற்பட்ட இழப்பை விடப் பெரியது. எல்.இ.டி. இரண்டையும் சேர்த்துத் தீர்க்கிறது. ஆள் வருவதை உணரும் உணரியுடன் இணைத்தால் செலவு 18,000 யூனிட்டுக்கு இறங்கும். இது பழைய செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உணரியே இல்லாத எல்.இ.டி. வாங்குவது பாதி மாற்றமே.

விற்பனையாளர் சொல்லும் ஆயுளிலும் கவனம் தேவை. 2000களின் பிற்பகுதியில் அமெரிக்க எரிசக்தித் துறை சந்தையிலிருந்த எல்.இ.டி. விளக்குகளை வாங்கிச் சோதித்தபோது, பலவற்றின் விளம்பரக் கூற்றுகள் பொய்த்தன. இதே காலத்தில், 2008-இல், 'எல்.எம்.-80' சோதனை முறை வெளியானது, எல்.இ.டி.யைக் குறைந்தது 6,000 மணி நேரம் எரித்து அளக்க வேண்டும் என்றது. 2011-இல் வந்த 'டி.எம்.-21' இன்னொரு கடிவாளம் போட்டது: சோதித்த காலத்தைப் போல அதிகபட்சம் ஆறு மடங்கு வரையே ஆயுளைக் கணித்துச் சொல்லலாம். 6,000 மணி நேரம் சோதித்தவர் 36,000 மணி நேரத்துக்கு மேல் உரிமை கொண்டாட முடியாது. 1,00,000 மணி நேரம் என்று விளம்பரம் செய்கிறவரிடம் எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள் என்று கேட்டாலே போதும்.

நடைமுறையில் முதலில் பழுதாவது பெரும்பாலும் எல்.இ.டி. அல்ல, அதற்கு மின்சாரம் தரும் டிரைவர்தான். அதிலுள்ள மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கைக்கணக்கு. தகரக் கூரைக்கு நேர் கீழே கோடைகாலப் பிற்பகலில் நிலவும் வெப்பம் தரையில் நிற்பவர் உணரும் வெப்பம் அல்ல. விளக்கின் மேல் எழுதியிருக்கும் சுற்றுப்புற வெப்ப வரம்பை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒளி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். ஐரோப்பியத் தரம் சரக்கு அறைக்கு 100 லக்ஸ், சிப்பம் கட்டும் இடத்துக்கு 300 லக்ஸ் கேட்கிறது. ஆனால் அடுக்குச் சந்தில் தொழிலாளி படிப்பது தரையை அல்ல, பெட்டியின் முகத்தில் ஒட்டிய சீட்டை. சந்தின் நீளவாக்கில் குறுகலாக ஒளி பரப்பும் வில்லைகள் அதற்காகவே உருவாயின. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அடிக்கடி அண்ணாந்து பார்ப்பவர் என்பதால் கண்கூச்சமும் கணக்கில் சேர வேண்டும்.

இந்தியாவும் பாதரச ஒப்பந்தமும்

இந்தியாவில் 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டம் வீடுகளுக்கானது. அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. எல்.இ.டி. பணக்காரர் பொருள் என்ற எண்ணம் அதோடு போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், மாநிலந்தோறும் சிறு கிடங்குகள் வைத்திருக்க வேண்டிய வரிக்காரணம் நிறுவனங்களுக்கு நீங்கியது. திருப்பெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளில் உயர்ந்த கூரையுடைய பெருங்கிடங்குகள் எழுந்தன. இவற்றில் பல, ஹேலைடு காலத்தைக் காணாமலே எல்.இ.டி.யோடு பிறந்தவை.

பழைய விளக்குகளுக்கு உலக அளவிலும் முடிவு நெருங்கியது. 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம், பொது வெளிச்சத்துக்கான உயர் அழுத்தப் பாதரச ஆவி விளக்குகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குப் பின் தடை செய்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள் நீள் குழல் விளக்குகளுக்கும் 2026, 2027 என்று வகைக்கேற்பக் கெடு வைத்தன.

எல்.இ.டி.க்கும் தன் பங்குக்கு ஒரு பழி வந்திருக்கிறது. பழைய விளக்கில் பல்பு போனால் பல்பை மாற்றினார்கள். பல எல்.இ.டி. விளக்குகளில் ஒரு சிறு பாகம் போனாலும் முழு விளக்கையும் எறிய வேண்டியிருக்கிறது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள், ஒளி மூலத்தையும் டிரைவரையும் சாதாரணக் கருவிகளைக் கொண்டு சேதமின்றிக் கழற்றி மாற்றும் வகையில் விளக்குகளை அமைக்க வேண்டும் என்று பொதுவாக வலியுறுத்துகின்றன.