நேட்டிவ்: ஊரா, தெருவா?

சாரல் காலத்தில் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதோ இல்லையோ, சொல்லாராய்ச்சி தவறாமல் விழும். ஐந்தருவி போகிற வழியில் ஒரு டீக்கடைப் பெஞ்சு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், “நேட்டிவ்னா என்ன? நம்ம நாட்டவன்தான். நாட்டு, நேட்டிவ். டகரம்கூட அப்படியே நிக்கு பாருங்க” என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு டீ ஆறிப்போயிற்று.

அந்த டகரம்தான் அவருக்கு எதிர்ச்சாட்சி. ‘நாட்டு’ என்பதில் டகரம் இரட்டுவது, நாடு வேற்றுமைக்குத் தயாராகும்போது. காடு காட்டு ஆவதும் வீடு வீட்டு ஆவதும் இவ்வாறே. நேட்டிவின் டகரத்துக்கு வேறு பிறப்பு. லத்தீனில் ‘நாத்துஸ்’ என்றால் பிறந்தவன். இறந்தகால எச்ச விகுதியாக வந்த தகரம் அது. இதற்குப் பழைய வடிவம் ‘க்நாத்துஸ்’. தனியே நின்ற இடத்தில் தேய்ந்துபோன ககரம் ‘காக்னேட்’ என்ற கூட்டுச் சொல்லுக்குள் இன்றும் பதுங்கியிருக்கிறது. நாட்டுக்கு முன்னால் எந்தக் காலத்தில் ககரம் இருந்தது? ஆசிரியரிடம் கேட்டேன். மழை வருது என்று எழுந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்கள் உடனே பாவாணரைத் துணைக்கு அழைப்பார்கள். பாவாணர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்லன். ஆனால் அவர் ஒரு சொல்லுக்கு வேர் காட்டினால் பக்கத்தில் பத்து இனச்சொல்லை அடுக்கிவைப்பார். டீ ஆறுவதற்குள் முடிவு கட்டமாட்டார். அவர் 1902-இல் சங்கரன்கோவிலில் பிறந்தபோது அது திருநெல்வேலிச் சீமை. 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம். அவருடைய நேட்டிவ் எது என்று இனிமேல்தான் தகராறு வரவேண்டும்.

நேட்டிவுக்கு ‘நாட்டு’ நல்ல மொழிபெயர்ப்பு என்பதை மறுக்கவில்லை. மூலம் என்பதைத்தான் மறுக்கிறேன். நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டுமருந்து எல்லாம் சரிதான். எதிர்ப்பதமாகச் சீமை நின்றால்தான் இந்த ‘நாட்டு’க்கு உயிர். சீமையோ எல்லை என்று பொருள்பட்ட வடசொல். நம் பக்கத்து நிலத்தையும் குறித்து வந்தது. கப்பல் ஏறிப் போய் வெள்ளைக்காரன் ஊராகித் திரும்பி வந்தது. பேரருவிப் பாதையில் பழம் விற்கும் அம்மாளிடம் சென்னைக்காரர் ஒருவர், “உங்க நேட்டிவே குற்றாலமாம்மா?” என்று கேட்டார். அவள் மங்குஸ்தானைப் பிளந்து வெள்ளைச் சுளையை நீட்டி, “நாட்டுப் பழமான்னா கேக்கிய? இது மலேயாப் பழம் அண்ணாச்சி. ஆனா இந்த மலையில காய்ச்சதுதான்” என்றாள். மேற்படி ஆசிரியரைவிட அவளுக்கு விஷயம் தெளிவு: தோன்றிய இடம் வேறு, காய்த்த இடம் வேறு.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லின் இளமை அவ்வளவு கௌரவமானதன்று. இடைக்காலச் சட்டத்தில் ‘நேட்டிவ்’ என்பவன் பிறப்பாலேயே பண்ணைக்கு அடிமைப்பட்டவன். அவன் ஓடிப்போனால் பிடித்துத் தரும்படி நிலக்கிழார் வாங்கும் அரசாணைக்கும் அந்தப் பெயரே. ‘வெர்னாகுலர்’ இதற்குப் பங்காளி; வீட்டில் பிறந்த அடிமையைக் குறிக்கும் ‘வெர்னா’விலிருந்து வந்தது. நம் தாய்மொழிகளை அப்படித்தான் அழைத்தார்கள், 1878-இல் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்டதும் அந்தப் பெயரில்தான். கும்பெனிக்காரன் வாயில் நேட்டிவ் என்பது கறுப்பனுக்கு மறுபெயர். அப்படியிருந்தும் 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சங்கத்துக்கு ‘மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்’ என்றே பெயர் வைத்தார்.

இன்று நமக்கு நேட்டிவ் ஆள் அன்று, இடம். ‘நேட்டிவ் பிளேஸ்’ என்பதில் பிளேஸ் உதிர்ந்து, அடைமொழியே பெயராகிவிட்டது. ‘லீவுக்கு நேட்டிவ் போறேன்’ என்கிறார்கள். நேட்டிவிட்டி சான்றிதழ் வேறு. அந்தப் பெயரைப் படித்துவிட்டுத் தேவாலயத்தில் வாங்குவதோ என்று மயங்கிய பாதிரியார் ஒருவரை அறிவேன். கிறிஸ்து பிறப்புக்கு ஆங்கிலத்தில் அதுதானே பெயர்.

ஊர் என்ற ஈரெழுத்து இருக்கும்போது இது எதற்கு? இங்கேதான் தொல்காப்பியரிடம் போகவேண்டும். பெயரியலில் உயர்திணைப் பெயர்களை அடுக்கும்போது நிலப்பெயரை முதலில் வைத்து, அடுத்த அடி எடுப்பதற்குள் குடிப்பெயரை வைக்கிறார். உரைகாரர் முன்னதற்கு அருவாளன், சோழியன் என்றும், பின்னதற்கு மலையமான், சேரமான் என்றும் காட்டுவர். பேரூர்கிழான் என்பது இரண்டிலும் சேராது, அது உடைப்பெயர். ஊரில் பிறந்தவன் வேறு, ஊரை உடையவன் வேறு. இந்த வரிசை தற்செயல் அன்று என்பது என் துணிபு. தென்காசியில் பேருந்து ஏறிச் செங்கோட்டைக்குள் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “எந்தூரு?” “மேலகரம்.” “மேலகரத்துல எந்தப் பக்கம்?” “கோயிலுக்குத் தெக்க.” “தெக்கன்னா, எந்தத் தெரு?” நிலப்பெயர் கேட்டாயிற்று, குடிப்பெயருக்கு வழி வெட்டுகிறார்.

செங்கோட்டையில் ஒரு பெரியவர் இதற்கு நல்ல விடை வைத்திருந்தார். “பிறந்தது திருவிதாங்கூர். 1956 நவம்பர் ஒண்ணாந்தேதி காலையில மெட்ராஸ்ல முழிச்சேன். வீடு மாறலெ, கட்டிலும் மாறலெ. நேட்டிவ் எதுன்னு நீரே எழுதிக்கிடும்.” கேட்டவர் அத்தோடு விடவில்லை. “அது சரி, எந்தத் தெரு?” என்றார்.

க்நாத்துஸுக்கு வடமொழியில் நேர்ச்சொல் ‘ஜாத’. பிறந்த என்றே பொருள். ஜனனமும் ஜனமும் ஜாதியும் அந்த வேரில் கிளைத்தவை. டீக்கடை ஆசிரியர் நாட்டைத் தேடிப் போன இடத்தில் உண்மையில் உட்கார்ந்திருப்பது ஜாதி. ‘ஊர்’ என்று கேட்டால் ஊரோடு நின்றுவிடும் என்பதால்தான் நம்மவர் ‘நேட்டிவ்’ என்று கேட்கிறார்கள் என்பேன். வேர் தெரியாமலே வேரைத் தொட்டுக் கேட்கிறார்கள். மறுப்பவர்கள் அடுத்த சாரலுக்கு ஐந்தருவிப் பெஞ்சுக்கு வரட்டும், டீ என் செலவு.