கண்ணாடி சுமந்தவர்களும் பிலிம் சுமந்தவர்களும்

எங்கள் கல்லூரி அலமாரியில் ஒரு பழைய வியூ கேமரா கிடக்கிறது. நடுவில் துருத்தி, முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, அவ்வளவுதான். போன மாதம் அதைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. இதை முதுகில் கட்டிக்கொண்டு எப்படி மலை ஏறினார்கள்? தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, கேமராகூடப் பெரிய பாரம் இல்லையாம். படம் பதிகிற பொருளை உடையாமல், வெளிச்சம் படாமல் மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதுதான் உண்மையான தலைவலி.

முதலில் ஈரத் தகடு காலம். 1873 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் அமெரிக்காவின் கொலராடோவில் 'மவுண்ட் ஆஃப் தி ஹோலி கிராஸ்' என்ற சிகரத்தைப் படமெடுக்க எதிர் மலையில் ஏறினார். தகட்டின் அளவு 11-க்கு 14 அங்குலம். கண்ணாடியில் கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். அதாவது இருட்டறையே கூடவே மலை ஏற வேண்டும்! கூடாரம், ரசாயனம், கண்ணாடி எல்லாம். உச்சியில் தண்ணீர் இல்லாததால் உருகிய பனி நீரில்தான் தகடுகளைக் கழுவினார்.

1880-களில் உலர் தகடு பரவியது. ரசாயனம் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆனால் கண்ணாடி போகவில்லை.

அந்தக் கண்ணாடியின் எடை என்ன செய்யும் என்பதற்கு ஃபிராங்க் ஹர்லியின் கதையைவிட வேறு சாட்சி வேண்டாம். ஷாக்கிள்டனின் அண்டார்டிக் பயணத்தில் அவர்தான் புகைப்படக்காரர். 1915 அக்டோபரில் அவர்களுடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் பனியில் நசுங்கியது. கப்பலுக்குள் புகுந்திருந்த பனிக்கட்டி நீரில் இறங்கித்தான் ஹர்லி தன் தகடுகள் இருந்த டப்பாக்களை மீட்டார். சில நாள் கழித்து இன்னொரு பிரச்சினை. இனி சறுக்குவண்டியும் படகும்தான் கதி, இவ்வளவு எடை கூடாது. ஹர்லியும் ஷாக்கிள்டனும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய 120 தகடுகளை வைத்துக்கொண்டு, சுமார் 400 தகடுகளை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். சும்மா விட்டுவிட்டு வந்தால் மனசு மாறி மறுபடி எடுக்கத் தோன்றும் என்றுதான் உடைத்தார்களாம். அதன் பிறகு ஹர்லியிடம் மிஞ்சியது ஒரு சின்னப் பாக்கெட் கோடாக் கேமராவும் மூன்று ரோல் பிலிமும். (இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நாம் ஒரு போட்டோவை அழிக்கவே மூன்று முறை யோசிக்கிறோம்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், 1913-லேயே கோடாக் நிறுவனம் கண்ணாடிக்குப் பதிலாக ஷீட் பிலிமை ஸ்டுடியோக்காரர்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறரைக்கு எட்டரை அங்குலக் கண்ணாடி, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்தால், ஒன்று சுமார் 130 கிராம். பன்னிரண்டு தகடு ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அதே அளவில் பன்னிரண்டு ஷீட் பிலிம் சுமார் 100 கிராம்தான்! ஆனாலும் கண்ணாடி வளையாது, சுருங்காது என்ற நம்பிக்கை பலருக்கு லேசில் போகவில்லை.

ஆன்சல் ஆடம்ஸும் 1927 ஏப்ரல் 10 அன்று கண்ணாடியோடுதான் யோசெமிட்டியில் ஏறினார். வயது 25. கூட நான்கு பேர், அதில் ஒருவர் பின்னாளில் அவர் மனைவியான வர்ஜீனியா பெஸ்ட். கேமராவின் பெயர் கொரோனா வியூ (பயப்படாதீர்கள், இது 1927). பையில் பன்னிரண்டு தகடுகள். பனி கிடந்த செங்குத்தான பள்ளம் வழியாக ஏறி, ஹாஃப் டோம் பாறையின் முகம் நேரெதிரே தெரியும் 'டைவிங் போர்டு' திட்டை அடைந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு. முதல் தகட்டை வழக்கமான மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகுதான், வானம் வெறும் சாம்பலாக வரும், தன் மனதில் இருக்கும் பாறை இது இல்லை என்று உறைத்தது. மிச்சம் ஒரு தகடு. அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டி, எஃப் 22-ல் ஐந்து விநாடி எடுத்தார். வானம் கறுத்து, பாறை எழுந்து நிற்கும் 'மோனோலித்' படம் அதுதான். பையில் இன்னும் நாற்பது தகடு இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, பிலிம் வந்ததும் எண்ணிக்கைக் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. பிலிமுக்கு எடை இல்லை, அதைப் பிடிக்கிற ஹோல்டருக்கு உண்டு. 4-க்கு 5 அங்குல ஹோல்டர் ஒன்று சுமார் 150 கிராம். அது தாங்குவது முன்னால் ஒரு ஷீட், பின்னால் ஒரு ஷீட், சேர்த்து ஆறே கிராம்! அதனால் மலைக்குப் போகிறவர்கள் ஐந்தாறு ஹோல்டரும் ஒரு பெட்டி பிலிமும் எடுத்துப்போய், இரவில் கூடாரத்துக்குள்ளோ, கைநுழைக்கும் கறுப்புப் பையிலோ மாற்றிக்கொள்வார்கள். பாரம் முதுகிலிருந்து விரலுக்கு இறங்கிவிட்டது.

விரல்தான் கண். பிலிமின் ஒரு மூலையில் சின்ன வெட்டுகள் இருக்கும். பிலிமை நெட்டுவாக்கில் பிடித்து, அந்த வெட்டு வலது மேல் மூலையில் தட்டுப்பட்டால் படம் பதியும் பக்கம் உங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஹோல்டரின் மூடுபலகைக்கு ஒரு விளிம்பு வெள்ளை, மறுவிளிம்பு கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் புது பிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்தாயிற்று. இதை மறந்தால் ஒரே ஷீட்டில் இரண்டு மலை. பைக்குள் கை வியர்த்தால் விரல் ரேகை பதியும். ஒரு தூசி ஒட்டினால் பிரிண்டில் கறுப்புப் புள்ளி விழும். நான் ஒரு வீணான ஷீட்டை வைத்துக்கொண்டு, விடுதியில் கண்ணை மூடி ஹோல்டரில் நுழைத்துப் பார்த்தேன். ஏழு முறையில் மூன்று முறை தலைகீழ். அறைத் தோழன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

பழகிய கைக்கும் நேரம் பிடிக்கும். 1941 நவம்பர் 1 மாலை, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தருகே ஆடம்ஸ் காரை நிறுத்தினார். (இது மலை ஏறி எடுத்ததல்ல, ஆனால் ஹோல்டர் அதேதான்.) நிலா எழுந்திருந்தது, கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். 8-க்கு 10 அங்குலக் கேமராவை அவசரமாக நிறுத்தினார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் வெளிச்ச அளவு நினைவில் இருந்ததால் மனக்கணக்குப் போட்டு ஒரு ஷீட் எடுத்தார். இப்படி ஒரு படத்துக்கு இன்னொரு நெகட்டிவ் இருப்பது நல்லது என்று ஹோல்டரைத் திருப்பிப் போட்டு மூடுபலகையை இழுத்தார். அதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.